யாருக்கெல்லாம் அரிக்குது என்று நான் கேட்கவே இல்லை

என் வீட்டுச் செலவு நோட்டில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தலைப்புப் போடாமல் ஒரு பக்கத்தின் மூலையில் கிறுக்கி வைத்தது. கூட்டினால் 15,110 ரூபாய் வருகிறது. என் ஒரு மாதச் சம்பளமே 15,000தான். அவ்வளவும் சிரங்குக்குப் போனது, அதாவது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தோலுக்குள் குடைவதால் வருகிற ஒட்டுகிற அரிப்புக்கு (ஸ்கேபிஸ்), அதுவும் தப்பான வைத்தியத்துக்கு. நான் நர்ஸ். 11 வருஷமாக இதே வேலை, அதில் கடைசி 4 வருஷம் ஒரு அறக்கட்டளையில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வருகிற கிராமங்கள், ஸ்கூட்டியில் ஒரு நாளைக்கு 4 வீடு, 5 வீடு. நர்சுக்கே சிரங்கு என்று எழுதக் கை வராமல்தான் அந்தப் பக்கத்துக்குத் தலைப்பில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் என்னை மாதிரி வீடு வீடாகப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் 3 மாதத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு தாத்தாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். 72 வயது, 3 வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண், உள்ளங்கை அளவு. என்னை அனுப்பியது அந்தப் புண்ணுக்காக. போன முதல் நாளே அவர் கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை எல்லாம் சாம்பல் நிறத்தில் தடிப்பாகப் பொருக்குத் தட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர் உரிகிற மாதிரி இருந்தது. நகங்கள் மஞ்சளாகத் தடித்திருந்தன. போர்வையை உதறினால் செதில் மாவு மாதிரி கொட்டும். மருமகளிடம் கேட்டேன். "அது சோரியாசிஸ் சிஸ்டர், டாக்டர் சொல்லிட்டாரு" என்று ஒரு பழைய சீட்டை எடுத்துக் காட்டினார். சீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டு களிம்பும் இருந்தது, ஆறு மாதமாகக் கொடுக்கிறார்களாம். தோல் செதில் செதிலாக உரிகிற, ஆனால் ஒட்டாத நோய் அது. நானும் என் நோட்டில் 'சோரியாசிஸ்' என்று எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையை எழுதியதும் அந்தக் கைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த 6 வாரம் வாரத்துக்கு இரண்டு முறை போனேன், ஒவ்வொரு முறையும் புண்ணைத்தான் பார்த்தேன், அளந்தேன், கழுவினேன், நாற்றம் குறைய மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினேன். புண் நன்றாகவே ஆறிக்கொண்டு வந்தது, அதில் எனக்குப் பெருமை வேறு.

சிரங்கு என்ற நினைப்பே வரவில்லையா என்றால், முதல் நாள் ஒரு நொடி வந்தது. ஆனால் சிரங்கு என்றால் அரிக்க வேண்டும், தாத்தா சொறியவே இல்லை. அதனால் அது இல்லை என்று முடிவு கட்டினேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்புறம்தான் புரிந்தது. அவருக்கு ஒரு கை அசையாது, இன்னொரு கையில் பலமில்லை, பேச்சும் குழறல். அரித்தாலும் எப்படிச் சொறிவார், எப்படிச் சொல்வார்? அதோடு பொருக்குத் தட்டுகிற வகைச் சிரங்கில் நோயாளிக்கு அரிப்பே இல்லாமலும் போகலாம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் நகர முடியாதவர்களுக்கும் வருவது அது. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து, ஆறு மாத ஸ்டீராய்டு சிரங்குப் பூச்சிகளுக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது. இன்னொருவர் எழுதிய நோய்ப் பெயரை முதல் நாள் ஏற்றுக்கொள்வதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரு மாதம் ஸ்டீராய்டு போட்டும் கூடிக்கொண்டே போகிற தோல் நோயைப் பார்த்தால் அந்தப் பெயர் மேலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை.

நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளவுஸ் போடாமல் நான் ஒரு நாளும் புண்ணைத் தொட்டதில்லை. கிளவுஸ் மணிக்கட்டோடு முடிகிறது. தாத்தாவைத் திருப்பிப் படுக்க வைக்க என் முன்னங்கை முழுவதையும் அவர் தோளுக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும், அவர் கை என் கழுத்துப் பக்கம் வந்து விழும். அரைக்கைச் சட்டைதான் எங்கள் சீருடை. வேலை முடிந்ததும் கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரிப்பில் கிடக்கும் செதிலை வெறுங்கையால் தட்டிவிட்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து நோட்டு எழுதுவேன். பையும் அந்தக் கட்டிலில்தான் இருக்கும். படிக்கும்போது பை வைக்கிற முறைக்கென்றே தனிச் செய்முறைத் தேர்வு உண்டு: செய்தித்தாளை விரி, அதன்மேல் பையை வை, கை கழுவு, அப்புறம் திற, முடிந்ததும் தாளை உள்பக்கமாக மடி. அதில் 10க்கு 9 வாங்கியவள் நான். வேலைக்கு வந்த ஒரே வருஷத்தில் அது பரீட்சைக்கான சமாச்சாரம் ஆகிவிட்டது. கடைசியில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும் சரி, இந்தப் பூச்சியை ஒன்றும் பெரிதாகச் செய்யாது, சோப்பும் தண்ணீரும் வைத்து முழங்கை வரைக்கும் கழுவியிருக்க வேண்டும்.

நவம்பர் மூன்றாம் வாரம் இடது மணிக்கட்டில் ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் யாரோ உள்ளே இருந்து ஊசி முனையால் கீறுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒட்டிக்கொண்டு 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் அரிப்புத் தொடங்கும் என்பதால், எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது தாத்தா வீடு மனதில் வரவே இல்லை. முந்தின நாள் என்ன சாப்பிட்டேன், என்ன சோப்பு மாற்றினேன் என்றுதான் புத்தி போனது. மணிக்கட்டில் கிளவுஸ் முடிகிற இடம் என்பதால் ரப்பர் அலர்ஜி என்று நானே தீர்ப்பு எழுதினேன். தெருமுனை மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கினேன், பூஞ்சைக்கும் கிருமிக்கும் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்தது, எல்லாருக்கும் தெரிந்த வகைதான். போட்ட மூன்றாம் நாள் சிவப்புப் போய் அடங்கிவிட்டது, ஒரு வாரம் கழித்து இரண்டு கையிலும் இடுப்பிலும் வந்தது. மூன்று ட்யூப், கூடவே அரிப்பு மாத்திரை, 480 ரூபாய். நர்ஸாக இருந்துகொண்டு மற்றவர்களுக்கு "மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடாதீங்க" என்று சொல்கிற அதே வாய்தான் அங்கே நின்று கேட்டது. ஸ்டீராய்டு அந்த நேரத்துக்கு அரிப்பைக் குறைக்கும், தடிப்பின் முகத்தையே மாற்றிவிடும், பூச்சி உள்ளே சௌகரியமாகப் பெருகும். அப்புறம் எந்த டாக்டர் பார்த்தாலும் குழம்பத்தான் செய்வார்.

டிசம்பரில் வீட்டில் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். இதைத்தான் நினைத்து நினைத்து இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை, அவருக்கு அரித்தபோது பஞ்சுத் தூசி என்றோம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, "சுகர் கூடினா அரிக்கத்தான் செய்யும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். 6 வயது மகளுக்குக் கொசுக்கடி. எனக்குக் கிளவுஸ். ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், ஒரே நேரத்தில் ராத்திரியில் சொறிகிற 4 பேருக்கு 4 காரணம் கண்டுபிடித்தோம், அத்தனையும் பொருத்தமான காரணங்கள் வேறு! இந்த நாலையும் வேறொரு வீட்டில் பார்த்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பேனோ என்னவோ.

தனியார் டாக்டர் ஒருவரிடம் போனேன். கூட்டம் அதிகம், என் முறை வந்தபோது ராத்திரி 9 மணி. கையை நீட்டினேன், "அலர்ஜி" என்றார், ஒரு ஊசி, மாத்திரை. 950. அவர் வேறு யாருக்கு அரிக்கிறது என்று கேட்கவில்லை, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றும் கேட்கவில்லை. ஆனால் நானும் சொல்லவில்லையே. நர்ஸ் என்று சொல்லாமலிருந்தது வேண்டுமென்றேதான், சொன்னால் எந்த ஊர், எந்த அறக்கட்டளை என்று பேச்சு வளரும், விஷயம் வெளியே போகும் என்ற பயம். இரண்டாம் முறை போனபோது 1,020, அதற்குமேல் எதற்கெல்லாம் அலர்ஜி என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை 3,500. ரிப்போர்ட்டில் ஈசினோபில் (அலர்ஜியில் கூடுகிற ஒரு வகை வெள்ளை அணு) கூடியிருந்தது, கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். மார்கழிக் குளிரில் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஒரு மாதம் ஓட்டினேன். ஈசினோபில் சிரங்கிலும் கூடும். டாக்டரிடம் போகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது, அவர் கேட்காவிட்டாலும் இரண்டு வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்: என் வேலை இது, என் வீட்டில் இத்தனை பேருக்கு இதே மாதிரி இருக்கிறது. அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லாததால்தான் எனக்கு அந்த 3,500 ரூபாய் போனது.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. வேலை என்று பொய் சொன்னேன். அங்கே போனால் தங்கச்சி பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்க வேண்டும், ராத்திரி சொறிவதைப் பார்த்துவிடுவார்கள். என் மனதுக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்கிறது போல, ஒட்டுகிற நோய் என்று புத்தி ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் உடம்பு தள்ளித் தள்ளிப் படுத்தது. அந்தச் சமயத்தில் அத்தை மெத்தையில் மூட்டைப்பூச்சி என்று கண்டுபிடித்தார். இலவம்பஞ்சு மெத்தை, என் கல்யாணத்துக்கு அப்பா தைத்துக் கொடுத்தது. கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினோம். புது மெத்தை 4,200. உண்மையில் இந்தப் பூச்சி மனிதத் தோலை விட்டு வெளியே வந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது, அந்த மெத்தையை வெயிலில் போட்டு ஒரு வாரம் யாரும் படுக்காமல் விட்டிருந்தாலே போதும். பணத்தைவிட அப்பா தைத்த மெத்தை போனதுதான் எனக்கு வலிக்கிறது.

அப்புறம் மகள். சொறிந்து சொறிந்து விரல் இடுக்கிலும் பிட்டத்திலும் சீழ் வைத்துவிட்டது, காய்ச்சல். குழந்தை டாக்டருக்கும் மருந்துக்கும் 960. அவர் சீழுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார், மூத்திரம் சிவப்பாகவோ டீ டிக்காஷன் மாதிரியோ போகிறதா, காலையில் முகம் வீங்குகிறதா என்று. தோலில் சீழ் வைக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சில பிள்ளைகளுக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தை வீங்க வைக்கும் என்பது எனக்குப் பாடத்தில் தெரிந்ததுதான், என் பிள்ளையை வைத்துக் கேட்டபோது கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள 8 நாள் லீவு, சம்பளப் பிடித்தம் 4,000. இதோடு நோட்டுக் கணக்கு முடிகிறது.

விஷயம் உடைந்தது ஜனவரி கடைசியில், தாத்தா வீட்டுத் திண்ணையில். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற பெண் தன்னார்வலர் ஒருவர் அந்தத் தெருவுக்கு உண்டு, என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாத்தா பாட்டி இருவருக்கும் மாதாமாதம் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது அவர்தான். அன்று திண்ணையில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் காதில் சொருகிவிட்டு விரல் இடுக்கை வரட்டு வரட்டென்று சொறிந்தார். "இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போக ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி தூக்கமே இல்ல தாயி, உனக்கு அப்படி இல்லையா?" நான் தடிப்பை மறைக்கப் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினேன். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பென்சிலால் மெலிதாகக் கீறினாற்போல ஒரு கோடு, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, நேர்கோடும் இல்லை, நெளிந்து போய் ஒரு முனையில் சின்னப் புள்ளி. பெண் பூச்சி தோலுக்குள் குடைந்துகொண்டு போகிற வழி. என் சட்டைக் கையை மடித்து என் மணிக்கட்டைப் பார்த்தேன். அதே கோடு. இரண்டு மாதமாக என் கையில் இருந்திருக்கிறது, களிம்பு பூசி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே போய் மருமகளிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். இந்த வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது? அவர் சாதாரணமாகச் சொன்னார், "எல்லாருக்குந்தான் சிஸ்டர். எனக்கு, அவருக்கு, அத்தைக்கு, பையனுக்கு, மாசமா இருக்காளே அந்தப் பொண்ணுக்கு, எல்லாருக்கும். ஆறு மாசம் இருக்கும்." ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே. நீங்க மாமாவோட புண்ணப் பாக்க வந்தவங்கதானே." எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. பாட்டி மட்டும் அடுப்படியிலிருந்து, "அரிப்பயெல்லாம் போய் வெளிய சொல்லுவாங்களாக்கும்" என்றார்.

மறுநாளே தாத்தாவை ஆம்புலன்சில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கொண்டுபோனோம். நானும் என் கையைக் காட்டினேன், இந்த முறை நர்ஸ் என்று சொல்லியே. அங்கிருந்த டாக்டரம்மா தாத்தாவின் விரல் இடுக்குப் பொருக்கை பிளேடால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, "பாருங்க சிஸ்டர்" என்று நகர்ந்துகொண்டார். குட்டி ஆமை மாதிரி உருண்டையாக, குட்டைக் கால்களோடு, ஒன்று மெதுவாக அசைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் முட்டைகள், அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. என் கையிலிருந்து இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக இல்லை என்று அர்த்தமில்லை என்றார். சாதாரணச் சிரங்கில் ஒரு உடம்பு முழுவதும் 10, 15 பூச்சிதான் இருக்கும், சுரண்டிய இடத்தில் அது சிக்க வேண்டுமே. தாத்தாவுக்கு வந்த மாதிரிப் பொருக்குச் சிரங்கில் ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில் இருக்கும், அதனால்தான் கொட்டுகிற செதிலே பரப்பும். 1848இல் நார்வேயில் தொழுநோயாளிகளிடம் முதலில் இதை விவரித்ததால் நார்வே சிரங்கு என்று பெயராம். நான் வெட்கப்பட்டு நிற்பதைப் பார்த்து, 2017இலிருந்து உலக சுகாதார நிறுவனமே இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் வைத்திருக்கிறது, இதில் அழுக்குக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, தோலோடு தோல் பட்டால் கலெக்டருக்கும் வரும் என்றார். புறக்கணித்ததில் நானும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

தாத்தாவைத் தனி அறையில் சேர்த்து, பூச்சியைக் கொல்கிற ஐவர்மெக்டின் மாத்திரை பல வேளை, அதே வேலையைத் தோலில் செய்கிற பெர்மெத்ரின் களிம்பு, பொருக்கு உரிய சாலிசிலிக் அமிலக் களிம்பு என்று மூன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மற்ற எல்லாருக்கும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. கர்ப்பமாக இருந்த பேத்திக்கும் களிம்புதான், ஐவர்மெக்டின் மாத்திரை கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது போக வெளியில் வாங்கியதைச் சேர்த்தாலும் எனக்கு 400 ரூபாய் தாண்டவில்லை. 15,110க்கு எதிரில் 400.

ஆனால் முதல் முறை எங்கள் வீட்டில் சரியாகவே போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரே ராத்திரியில் வீட்டில் எல்லாரும் போட வேண்டும், அரிப்பு இருக்கிறவர் இல்லாதவர் என்ற பேதமில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, நகத்துக்கு அடி, தொப்புள், அக்குள், தொடை இடுக்கு, பிட்டப் பிளவு என்று ஒரு இடம் விடக்கூடாது, சின்னக் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் தலை, முகத்திலும் கண் வாயை விட்டுவிட்டுப் போட வேண்டும். 8 மணி நேரமாவது உடம்பில் இருக்க வேண்டும், காலையில் குளிக்கலாம். வீட்டுக்காரர் "எனக்குக் கொஞ்சந்தான் அரிக்குது, கைக்கு மட்டும் போட்டுக்கறேன்" என்று அரை ட்யூபை மிச்சம் வைத்தார். அத்தை களிம்பு போட்ட கையோடு போய் மாவு கரைத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், திரும்பப் போடவில்லை. கை கழுவினால் மறுபடி போட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அத்தை கையில் புதுக் கோடு. இரண்டாம் முறை, அதாவது ஒரு வாரம் கழித்து எப்படியும் போட வேண்டிய முறை, நானே நின்று, ராத்திரிச் சமையல் எல்லாம் முடிந்து அடுப்படியைப் பூட்டிய பிறகு ஒவ்வொருவருக்கும் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் முதுகில் பூசும்போது அவர் கூச்சத்தில் நெளிந்ததும், மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்ததும்தான் அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. துணிமணி, போர்வை, தலையணை உறையெல்லாம் கொல்லையில் அண்டா வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்தோம். வேக வைக்க முடியாததைப் பாலிதீன் சாக்கில் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்தோம்.

மருந்து போட்ட பிறகும் அரிப்பு உடனே போகாது. பூச்சி செத்தாலும் அதன் உடலும் கழிவும் தோலுக்குள் இருக்கும்வரை 2 வாரம், சிலருக்கு 4 வாரம் அரிக்கும். இது தெரியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பெர்மெத்ரின் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு, மாத்திரை தருகிற அக்கா அப்படித்தான் செய்துவிட்டார், நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது இதற்கு அப்புறம்தான். அந்த இரண்டு மாதமும் அரிப்போடேயே நான் 14 வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், அப்புறம் சொன்னேன். வேலை போகவில்லை. முதல் முறை களிம்பு போட்ட மறுநாளிலிருந்து வேலைக்கு வரலாம், ஆனால் அதற்கு முன் அந்த 14 வீட்டிலும் நீயே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனேன். மூன்று வீட்டில் அரிப்பு இருந்தது. ஒரு வீட்டில் அது எனக்கு முன்னாலேயே இருந்தது, மற்ற இரண்டும் என்னிடமிருந்துதான் போயிருக்க வேண்டும். ஒருவர் கேன்சர் நோயாளி, கடைசிக் கட்டம், வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தவர். வலியில்லாமல் தூங்க வைக்கத்தான் நான் அங்கே போனது. அவர் தூக்கத்தைக் கெடுத்த கணக்கை எந்த நோட்டில் எழுதுவது? அவர் மகன் ஒன்றும் சொல்லாமல் களிம்பை வாங்கிக்கொண்டார். இன்னொரு வீட்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறல், பிரஷர், தனி ஆள், அவர் கதவை பாதி திறந்தபடி நின்று கேட்டுவிட்டு, "இனிமே நீ வராத" என்று சாத்திக்கொண்டார். களிம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன், பக்கத்து வீட்டு அக்காளிடம் எப்படிப் போடுவது என்று சொல்லிவிட்டு.

இப்போது நான் வேலை செய்கிற விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. தையல்காரரிடம் பாப்ளின் துணியில் முழுக்கை மேலங்கி இரண்டு தைத்தேன், ஒன்று 340 ரூபாய், மணிக்கட்டில் எலாஸ்டிக். கிளவுஸை அதன் மேல் இழுத்து மாட்டுகிறேன், இடைவெளி விடுவதில்லை. நோயாளி கட்டிலில் உட்காருவதில்லை, பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்காருகிறேன். பழைய செய்தித்தாளைக் கால் பக்கமாகக் கிழித்து ஸ்கூட்டி டிக்கியில் ஒரு கட்டு வைத்திருக்கிறேன், பரீட்சையில் செய்த அதே மாதிரி விரித்துப் பை வைக்கிறேன், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். சந்தேகப்படுகிற வீட்டை அன்றைய கடைசி வீடாக வைத்துக்கொள்கிறேன், பிரஷர் கருவியின் பட்டையை நோயாளி கையில் சுற்றும்முன் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றி, அந்தத் துணியை அங்கேயே விட்டுவிடுகிறேன். கேள்வி கேட்கிற விதமும் மாறிவிட்டது. "சிரங்கு இருக்கா" என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "ராத்திரி பிள்ளைங்க நல்லா தூங்குதா, புரண்டு புரண்டு சொறியுதா" என்று கேட்டால் பாட்டிகள் கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள். புண்ணைப் பார்க்கப் போனாலும் நோயாளியின் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்க்காமல் வெளியே வருவதில்லை, பார்த்துக்கொள்கிற மருமகளின் விரல் இடுக்கையும்.

தாத்தாவின் கைகளில் பொருக்கு எல்லாம் உரிந்து அடியில் வெளிறிய தோல் வந்திருக்கிறது. 3 வாரம் கழித்து மருமகள் அவர் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது போனேன், தாத்தா இடது கையைத் தூக்கி என்னிடம் காட்டினார், ஏதோ சொன்னார், புரியவில்லை.

கதவைச் சாத்திய அம்மா வீட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "ஏ நர்சு, ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போற, பிரஷர் பாக்க மாட்டியா?" என்று கத்தினார். வண்டியை நிறுத்திவிட்டு முதலில் அடிகுழாயில் போய் முழங்கை வரைக்கும் கழுவினேன். அவர் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் திரும்பி வந்ததும் இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டினார். விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிரஷர் 160க்கு 100, மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறதாம்.